‘ஷ்லெப்ன்’ எங்கிருந்து வந்தது? நான்கு பதில்களில் எதைத் தேர்வது

கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிவந்த, எபிரேய எழுத்தில் எழுதப்படும் யிட்டிஷ் மொழியில் ‘ஷ்லெப்ன்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. மூட்டையைத் தரையோடு இழுத்துக்கொண்டு போவதும் ஷ்லெப்ன், சாமானைச் சுமந்து மாடி மாடியாக ஏறுவதும் ஷ்லெப்ன், கால் ஓய்ந்த பிறகும் நடந்துகொண்டே இருப்பதும் ஷ்லெப்ன். 1881 முதல் 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சுமார் 20 லட்சம் யூதர்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களோடு இந்தச் சொல்லும் போனது. இன்று நியூயார்க்கில் யூதரல்லாதவர்கள்கூட, அலுப்பூட்டும் நீண்ட பயணத்தை ‘ஷ்லெப்’ என்கிறார்கள்.

இதற்குத் தமிழில் ஒரு வேர்க்குறிப்பு எழுதப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். விக்சனரியில் ஒரு பதிவாக இருக்கலாம், மொழியியல் மாணவர்களுக்கான சொல்லடைவாக இருக்கலாம். ‘எந்த மொழியிலிருந்து’ என்ற இடத்தில் ஏதாவது ஒரு பெயரை எழுதியாக வேண்டும். கையில் நான்கு பதில்கள் இருக்கின்றன: இன்றைய ஜெர்மன், இடைக்கால உயர் ஜெர்மன், கீழ் ஜெர்மன், தொல்ஜெர்மானியம் (ஜெர்மன், ஆங்கிலம், டச்சு எல்லாவற்றுக்கும் பொதுவான தாய்மொழி). நான்கிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் ஆளுக்கொன்றை எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆனால் எழுதும் வரி வாசகருக்கு ஒரு வரலாற்றைச் சொல்கிறது. தவறாக எழுதினால் ஒரு மொழியின் வரலாறே தவறாகப் போய்ச் சேரும்.

யிட்டிஷுக்கென்று பேரகராதி ஒன்று இருந்தால் அதைப் பார்த்து எழுதிவிடலாமே என்று தோன்றும். அப்படி ஒன்று தொடங்கப்பட்டது. 1961க்கும் 1980க்கும் இடையில் நான்கு தொகுதிகள் வெளிவந்தன. நான்குமே ‘ஆலெஃப்’ என்ற முதல் எழுத்தைத் தாண்டவில்லை. நம் சொல் தொடங்குவதோ ‘ஷின்’ எழுத்தில், எபிரேய நெடுங்கணக்கின் கடைசிக்கு முந்தைய எழுத்து அது. அந்த மொழியைப் பேசியவர்களில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் நாஜிகளால் கொல்லப்பட்ட பின்பு, எஞ்சிய சிலர் எடுத்துச் செய்த வேலை அது. நின்றுபோனதில் வியப்பில்லை. ஆகவே ஜெர்மன் அகராதிகளையும் ஒலிமாற்ற விதிகளையும் வைத்து நாமேதான் முடிவுக்கு வர வேண்டும்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். உயர் ஜெர்மன், கீழ் ஜெர்மன் என்பவை மதிப்பைச் சொல்லும் பெயர்கள் அல்ல, நிலத்தைச் சொல்பவை. தெற்கே மலையும் மேடுமான பகுதியில் பேசப்பட்டது உயர் ஜெர்மன். வடக்கே கடலோரச் சமவெளியில் பேசப்பட்டது கீழ் ஜெர்மன். உயர் ஜெர்மனிலேயே வடக்கு ஓரமாக, நாட்டின் இடுப்புப் பகுதியில் இருக்கும் வட்டாரங்களுக்கு மத்திய ஜெர்மன் என்று பெயர். ‘இடைக்கால’ என்பது காலம், ‘மத்திய’ என்பது இடம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கீழே வருவது எதுவும் புரியாது.

முதல் பதில்: இன்றைய ஜெர்மன்

அதிகம் பேர் எழுதுவது இதைத்தான். ஜெர்மனில் ‘ஷ்லெப்பென்’ என்று ஒரு வினை இருக்கிறது, பொருளும் இழுப்பது, சுமப்பது. போதாக்குறைக்கு ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை எழுதும்போது ஜெர்மன் பாணியில் எஸ், சி, எச் என்று மூன்று எழுத்தைச் சேர்த்துத் தொடங்குகிறார்கள். பார்ப்பவருக்கு ஜெர்மன் சொல் போலவே தெரியும். யிட்டிஷில் அது ஷின், லாமெட், அயின், பெய், நூன் என்று ஐந்தே எபிரேய எழுத்து. எபிரேயத்தில் மெய்யெழுத்தாக இருக்கும் அயின், இங்கே ‘எ’ என்ற உயிரைக் குறிக்கிறது.

இந்தப் பதிலில் உள்ள கோளாறு காலக்கணக்கு. இன்றைய பொது ஜெர்மன் 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு மெல்ல மெல்ல உருவானது. யிட்டிஷில் தேதியோடு கிடைத்திருக்கும் மிகப் பழைய வாக்கியம் 1272ஆம் ஆண்டுடையது. ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகர யூதர்களின் பண்டிகைப் பிரார்த்தனை நூலில், ஒரு பெரிய எபிரேயச் சொல்லின் எழுத்துகளுக்குள் இருந்த வெற்றிடத்தில் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். ‘இந்த நூலைத் தொழுகைக்கூடத்துக்குச் சுமந்து செல்பவருக்கு நல்ல நாள் வாய்க்கட்டும்’ என்பது அதன் பொருள். கனமான நூல், சுமந்தவருக்கு வாழ்த்து. அங்கே வரும் வினை ‘ட்ராகெ’, அதாவது சுமப்பது. நம் சொல்லுக்குப் பொருளில் பக்கத்து வீடு. பொது ஜெர்மன் நிலைபெற்ற காலத்தில் யிட்டிஷ் பேசுபவர்கள் போலந்திலும் லிதுவேனியாவிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

காலக்கணக்கைவிட வலுவான சான்று உயிரொலிகளில் இருக்கிறது. இடைக்கால உயர் ஜெர்மனில் ‘ப்ளீபென்’ (தங்கு) என்பதில் இருந்தது நெடில் ஈ. ‘மெய்னென்’ (கருது) என்பதில் இருந்தது ‘எய்’ என்ற இணையொலி, அதாவது இரண்டு உயிர் சேர்ந்த ஒலி. இன்றைய ஜெர்மனில் இரண்டும் ஒன்றாகிவிட்டன: ப்ளைபென், மைனென், இரண்டிலும் ‘ஐ’. யிட்டிஷில் அவை ஒன்றாகவில்லை: ப்ளைப்ன், ஆனால் மெய்னென். இப்படி நிறைய வினைகளைக் காட்டலாம். எழுதுவது ஷ்ரைப்ன், அழுவது வெய்னென். ஜெர்மனில் ஷ்ரைபென், வைனென். ஒருமுறை கலந்துபோன இரண்டு ஒலிகளை, எது எது எங்கே இருந்தது என்று பின்னால் வந்தவர்கள் சரியாகப் பிரித்தெடுக்க முடியாது. எனவே யிட்டிஷ் இன்றைய ஜெர்மனிலிருந்து பிறந்திருக்க வழியில்லை. இரண்டும் ஒரே பழைய வட்டாரப் பேச்சுகளிலிருந்து தனித்தனியே வளர்ந்த உறவுக்காரர்கள்.

சில சொற்களுக்கு மட்டும் ‘ஜெர்மனிலிருந்து’ என்பது சரியான பதில். 19ஆம் நூற்றாண்டில் பத்திரிகைகளும் அரசியல் பேச்சும் பெருகியபோது யிட்டிஷ் எழுத்தாளர்கள் ஜெர்மனிலிருந்து நேராகவே சொற்களை எடுத்தார்கள். ‘வளர்ச்சியடையச் செய்’ என்ற பொருளில் வரும் ‘அன்ட்விக்லென்’ அப்படிப்பட்டது. ஷ்லெப்னும் அப்படி வந்திருக்கலாமே என்று யாராவது கேட்டால், ஒலியை மட்டும் வைத்து மறுக்க முடியாது. குறில் எ இரண்டு மொழியிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் இது தலையங்கத்துச் சொல் இல்லை. சந்தையிலும் சமையலறையிலும் புழங்கும் சொல், டஜன் கணக்கில் கிளைகள் விட்ட சொல். பத்திரிகைக் கடன்கள் இப்படி வேரோடுவதில்லை என்பது என் கணிப்பு.

முதல் பதிலை நான் ஒதுக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யிட்டிஷைப் பல காலம் ‘கெட்டுப்போன ஜெர்மன்’ என்றே சொல்லி வந்தார்கள். அதைப் பேசியவர்களே ‘ஷார்கோன்’, அதாவது கொச்சை, என்று சொல்லிக்கொண்டார்கள். 1908இல் செர்னோவிட்ஸ் நகரில் (இன்று உக்ரைனில் இருக்கிறது) கூடிய மாநாடு யிட்டிஷை யூத மக்களின் ஒரு தேசிய மொழி என்று அறிவிக்க வேண்டிய நிலை வந்ததே அதனால்தான். அகராதியில் ஒவ்வொரு சொல்லின் கீழும் ‘ஜெர்மனிலிருந்து’ என்று போட்டுக்கொண்டே போனால், அந்தப் பழைய ஏச்சை நாம் தமிழிலும் நடுகிறோம்.

இரண்டாம் பதில்: இடைக்கால உயர் ஜெர்மன்

ஏறத்தாழ 1050 முதல் 1350 வரையிலான வடிவம் இது. யிட்டிஷின் ஜெர்மானியக் கூறுகளுக்கு அறிஞர்கள் வழக்கமாகக் காட்டும் மூலமும் இதுவே. ப்ளைப்ன், மெய்னென், ஷ்ரைப்ன் எல்லாவற்றுக்கும் இந்தப் பதில் கச்சிதமாகப் பொருந்தும். ஷ்லெப்ன் விஷயத்தில்தான் நடுவில் இருக்கும் ‘ப’ இடறுகிறது.

ஏன் என்று பார்க்க, உயர் ஜெர்மனைத் தனியாகப் பிரித்த ஒலிமாற்றத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய கன்னடத்துப் ‘பால்’ இன்று ‘ஹாலு’ ஆனதும், ‘புலி’ ‘ஹுலி’ ஆனதும் நமக்குத் தெரியும். மாற்றம் ஒரு சொல்லோடு நிற்காமல் வரிசையாக எல்லாவற்றையும் பிடிக்கும். அதுபோல உயர் ஜெர்மனில் உயிருக்குப் பின்னால் வந்த ஒற்றை ‘ப’ முழுக்க ‘ஃப’ ஆனது. ஆங்கிலத்துக்கும் கீழ் ஜெர்மனுக்கும் இந்த மாற்றம் போகவில்லை. ஆங்கிலத்தில் ஸ்லீப், ஜெர்மனில் ஷ்லாஃபென், யிட்டிஷில் ஷ்லோஃப்ன். ஆங்கிலத்தில் ஓபன், ஜெர்மனில் ஆஃபென், யிட்டிஷில் ஓஃப்ன். மெய்க்குப் பின்னாலும் இப்படித்தான்: ஹெல்ப், ஹெல்ஃபென், ஹெல்ஃப்ன். யிட்டிஷ் இந்த மாற்றத்தின் வழியாக முழுதாக வந்த மொழி என்பதில் ஐயமே இல்லை. அப்படியானால் ஷ்லெப்னில் மட்டும் ‘ப’ எப்படித் தப்பியது?

அவசரப்பட்டு ‘அப்படியென்றால் இது வடக்கத்திச் சொல்’ என்று எழுதிவிடக் கூடாது. இரட்டித்த ‘ப்ப’வுக்கு விதி வேறு. அது தெற்கே ‘ப்ஃப’ ஆனது. மத்திய ஜெர்மனில் மாறாமல் அப்படியே நின்றது. யிட்டிஷ் இந்த இடத்தில் மத்திய ஜெர்மன் பக்கம் நிற்கிறது. ஆப்பிள் ஜெர்மனில் ஆப்ஃபெல், யிட்டிஷில் எப்ல். தலை ஜெர்மனில் கோப்ஃப், யிட்டிஷில் கோப். மொண்டெடுப்பது ஜெர்மனில் ஷோப்ஃபென், யிட்டிஷில் ஷெப்ன். சொல்லின் முதலில் வரும்போது மட்டும் வேறு வழி. மிளகு ஜெர்மனில் ப்ஃபெஃபர், யிட்டிஷில் ஃபெஃபர். முதலில் ‘ஃப’, நடுவில் ‘ப’ என்ற இந்தச் சேர்க்கை கிழக்கு மத்திய ஜெர்மனின் அடையாளம். அது சாக்ஸனி, சைலீசியா பக்கத்துப் பேச்சு. ஆகவே நம் சொல்லிலும் ஒருகாலத்தில் இரட்டை ‘ப்ப’ இருந்திருந்தால், வடக்கே போகாமலே இந்தப் ‘ப’வுக்குக் கணக்குச் சொல்லிவிடலாம். மெய்யெழுத்தை மட்டும் வைத்து வழக்கு முடியாது.

மூன்றாம் பதில்: கீழ் ஜெர்மன்

உயிரெழுத்தைப் பார்த்தால் வழக்கு நகர்கிறது. தொல்ஜெர்மானியத்தின் ‘ஐ’ இணையொலி உயர் ஜெர்மனில் பொதுவாக ‘எய்’ ஆனது, கீழ் ஜெர்மனில் நெடில் ‘ஏ’ ஆனது. கல் என்பதற்கு அங்கே ஷ்டெய்ன், இங்கே ஸ்டேன். யிட்டிஷ் ஷ்டெய்ன் என்கிறது, எலும்புக்கு பெய்ன் என்கிறது, வீட்டுக்கு ஹெய்ம் என்கிறது. மூன்றும் உயர் ஜெர்மன் வழி. நம் வினையும் அதே வழியில் வந்திருந்தால் இன்று ‘ஷ்லெய்ப்ன்’ என்று இருக்க வேண்டும். அப்படி இல்லை. அதே சமயம் கீழ் ஜெர்மனில் ‘ஸ்லேப்பென்’ என்று நெடில் ஏகாரத்தோடு ஒரு வினை இருந்தது, பொருள் இழுப்பது. ஏகாரம் குறுகினால் ஸ்லெப்பென். அங்கிருந்து ஷ்லெப்பென் எட்டிவிடும் தூரம்.

ஜெர்மன் சொற்பிறப்பியல் அகராதிகளும் இதையே சொல்கின்றன. ஜெர்மனின் ஷ்லெப்பென் தெற்கத்திச் சொத்து இல்லை. இடைக்காலத்தில் அது கீழ் ஜெர்மனிலிருந்து மத்திய ஜெர்மனுக்குள் நுழைந்து, பிறகு பொது மொழிக்குப் போனது. டச்சு மொழியில் இன்றும் ‘ஸ்லேப்பென்’ என்றால் இழுப்பதுதான்.

இங்கேயும் ஒரு நெருடல். கிழக்கு மத்திய வட்டாரங்களிலும் ‘எய்’ பின்னால் ‘ஏ’ ஆகிவிட்டது. சாக்ஸனிக்காரர் இன்றும் காலுக்கு ‘பேன்’ என்றும் சின்னதற்கு ‘க்ளேன்’ என்றும்தான் சொல்வார். எனவே எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒரு சொல்லை நிறுத்தி வைப்பது எளிதல்ல. ஆனால் ஒன்று உறுதி. இது தெற்கே பவேரியாவிலோ மேல் ரைன் பகுதியிலோ தானாக விளைந்த வடிவம் இல்லை.

சரி, அப்படியானால் ‘கீழ் ஜெர்மனிலிருந்து’ என்றே எழுதிவிடலாமா? நான் எழுத மாட்டேன். யிட்டிஷ் பேசுபவர்கள் கீழ் ஜெர்மன் நாட்டில் நேராக இதைக் கற்றார்கள் என்று அந்த வரி சொல்லிவிடும். ஆதி யிட்டிஷ் சமூகங்கள் ரைன் கரையிலும் டான்யூப் கரையிலும் இருந்தன. ஹாம்பர்க் போன்ற வடக்கத்தி நகரங்களில் யிட்டிஷ் குரல் தெளிவாகக் கேட்பது 17ஆம் நூற்றாண்டில்தான். 1691இல் தன் நினைவுக்குறிப்புகளை யிட்டிஷில் எழுதத் தொடங்கிய கிளிக்கல் அம்மையார் அந்த ஊர்க்காரர். கிழக்கே போலந்துவரை வேரோடிய ஒரு சொல்லுக்கு அந்த வழி சுற்றுவழி.

கிழக்கு மத்திய ஜெர்மன் வழியோ வரலாற்றோடு ஒட்டிவருகிறது. 1257இல் போலந்தின் க்ராக்கோவ் நகரம், ஜெர்மன் நகரமான மாக்டெபர்க்கின் நகரச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அங்கேயும் பிற போலந்து நகரங்களிலும் ஜெர்மன் பேசும் வணிகரும் கைவினைஞரும் குடியேறினார்கள். பலர் சைலீசியா வழியாக வந்தவர்கள். 1264இல் போலந்தில் கலிஷ் சாசனம் யூதர்களுக்குப் பாதுகாப்பும் உரிமையும் அளித்தது. இரண்டு குடியேற்றமும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தன. ரைன் கரையிலிருந்தும் பொஹீமியாவிலிருந்தும் வந்த யூதர்கள், எப்ல், கோப் என்ற ஒலிகளை எந்தப் பேச்சோடு பகிர்ந்துகொண்டார்களோ அதே பேச்சுக்குப் பக்கத்தில் சந்தை நடத்தினார்கள். வண்டியும் மூட்டையும் புழங்கும் இடத்தில் இழுப்பதற்கான சொல் கைமாறாமல் இருக்குமா?

நான்காம் பதில்: தொல்ஜெர்மானியம்

வேர் என்றால் அடிவேர்தானே, அதையே எழுதலாம் என்பவர்கள் உண்டு. தொல்ஜெர்மானியத்தில் ‘வழுக்கிச் செல்’ என்ற பொருளில் ஒரு தன்வினையும், அதிலிருந்து ‘வழுக்கிச் செல்ல வை’, அதாவது இழு, என்ற பிறவினையும் இருந்ததாக மீட்டெடுத்திருக்கிறார்கள். பிறவினை ஏறத்தாழ ‘ஸ்லைப்யன்’ என்று ஒலித்திருக்கும். எந்த ஏட்டிலும் எழுதப்பட்டிராத வடிவம் என்பதால் முன்னால் உடுக்குறி (*) போட வேண்டும்.

இந்தப் பதில் தரும் மகிழ்ச்சி குடும்பத்தைப் பார்ப்பதில் இருக்கிறது. தன்வினைதான் உயர் ஜெர்மனில் ஸ்லீஃபென் ஆகி, வழுக்குவதிலிருந்து தேய்ப்பதற்கும் தீட்டுவதற்கும் பொருள் நகர்ந்து, யிட்டிஷில் ‘ஷ்லைஃப்ன்’ என்று நிற்கிறது. கத்தி தீட்டுவது ஷ்லைஃப்ன். ஒரே தாய்க்கு இரண்டு பிள்ளைகள்: ‘ஃப’ இருப்பது உயர் ஜெர்மன் வழியில் வந்தது, ‘ப’ இருப்பது வடக்கைச் சுற்றி வந்தது. ஜெர்மனில் பிறவினைக்கும் உயர் ஜெர்மன் வடிவம் தங்கிவிட்டது. அதனால் தீட்டும் ஷ்லைஃபென், இழுக்கும் ஷ்லைஃபென் என்று இரண்டு சொற்கள் ஒரே ஒலியில் நின்று, இறந்தகாலத்தில் மட்டும் பிரிகின்றன.

ஆனால் மூலம் என்று இதை மட்டும் எழுதினால் நடுவில் 1,000 ஆண்டுக்கு மேல் விடுபட்டுப்போகும். யிட்டிஷ் தொல்ஜெர்மானியத்திலிருந்து நேராகக் குதித்தது போலத் தோன்றும்.

ஒலி வேரால் வராத பாதி

இந்த நான்கில் எதை எழுதினாலும் சொல்லின் உருவம்தான் விளங்கும், அதன் நடத்தை விளங்காது. ஷ்லெப்ன் கிழக்கே வாழ்ந்த இடத்தில் சுற்றிலும் போலிஷ், உக்ரைனியன் போன்ற ஸ்லாவிய மொழிகள். ஒரு தடவை வெடுக்கென்று இழுப்பதை யிட்டிஷில் ‘கெப்ன் அ ஷ்லெப்’ என்பார்கள், சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘ஓர் இழுப்புக் கொடு’. ஒரே தடவை நடக்கும் செயலுக்கென்று தனி வடிவம் வைத்திருப்பது ஸ்லாவிய வினைகளின் பழக்கம். யிட்டிஷ் அந்தத் தேவையை ஏற்றுக்கொண்டு, ஜெர்மானியத் துண்டுகளால் அதை நிறைவேற்றியது. ‘ஷ்லெப்ன் ஸிக்’ என்றால் தன்னையே இழுத்துக்கொண்டு போவது, தள்ளாடி நடப்பது. ‘ஆரும்’ என்று முன்னால் சேர்த்தால் ஊர் சுற்றுவது. ‘ஷ்லெப்பர்’ என்றால் கந்தலோடு திரியும் நாடோடி. போலிஷ் மொழியிலும் இழுப்பதைக் குறிக்கும் வினையிலிருந்தே நாடோடிக்கான ‘வ்வூச்செங்கா’ என்ற சொல் பிறந்திருக்கிறது. ஜெர்மனில் ஷ்லெப்பர் என்று கேட்டால் இழுவைக் கப்பலோ டிராக்டரோ வந்து நிற்கும். பொருள் எந்தப் பக்கத்து வீட்டில் வளர்ந்தது என்று இதிலேயே தெரிகிறது. மொழியியலாளர் மாக்ஸ் வைன்ரைக் யிட்டிஷை எபிரேய-அரமேய, ரோமானிய (லத்தீனிலிருந்து பிறந்த மொழிகள்), ஜெர்மானிய, ஸ்லாவியக் கூறுகள் உருகிக் கலந்த மொழி என்று விவரித்தார். இந்த ஒரு வினைக்குள்ளேயே அவற்றில் இரண்டு கலந்திருக்கின்றன.

நான் எழுதும் வரி

இரண்டாம் பதிலையும் மூன்றாம் பதிலையும் ஏணிப்படியாக அடுக்குவதே என் தேர்வு. பதிவு இப்படி இருக்கும்: ‘ஷ்லெப்ன்: இடைக்கால மத்திய ஜெர்மன் ஸ்லெப்பென் வழியாக, அது கீழ் ஜெர்மன் ஸ்லேப்பெனிலிருந்து. ஒப்பிடுக: ஜெர்மன் ஷ்லெப்பென், டச்சு ஸ்லேப்பென். பொருள் விரிவில் ஸ்லாவியச் சாயல் உண்டு.’ இன்றைய ஜெர்மன் ‘ஒப்பிடுக’ என்ற இடத்துக்கு வந்துவிட்டதைக் கவனியுங்கள். உறவு மறைக்கப்படவில்லை, பெற்றோர் இடத்திலிருந்து உடன்பிறந்தார் இடத்துக்கு மாறியிருக்கிறது.

இடம் மிகவும் குறைவு, ஒரே மொழிப்பெயர்தான் போட முடியும் என்றால் ‘இடைக்கால மத்திய ஜெர்மன்’ என்று போடுங்கள். ஜெர்மானிய மொழிகளை மட்டும் ஒப்பிடும் பாடத்துக்கு எழுதுகிறீர்கள் என்றால், தொல்ஜெர்மானிய வடிவத்தையும் ஷ்லைஃப்னையும் சேர்த்துக்கொள்ளலாம், அங்கே அவை வேலை செய்யும். நியூயார்க் ஆங்கிலச் சொல்லான ‘ஷ்லெப்’புக்கு எழுதுவதாக இருந்தால் மூலம் யிட்டிஷ் என்று நிறுத்திக்கொண்டு, மேலே விவரம் வேண்டுபவரை யிட்டிஷ் பதிவுக்கு அனுப்பிவிடலாம்.

இதே வரியை அச்சாக வைத்து அடுத்த வினைக்கு நகலெடுக்க மட்டும் வேண்டாம். ‘லெயனென்’ என்றால் வாசிப்பது, ‘பென்ட்ஷ்ன்’ என்றால் ஆசீர்வதிப்பது. இரண்டும் மற்ற வினைகளைப் போலவே ஜெர்மானிய ஈற்றோடு முடிகின்றன. ஆனால் முதலாவது ரோமானிய மொழி வழியாக லத்தீனின் ‘லெகெரெ’யிலிருந்தும், இரண்டாவது ‘பெனெடிகெரெ’யிலிருந்தும் வந்தவை. அங்கே நான்கு ஜெர்மானியப் பதில்களில் ஒன்றுக்கும் இடமில்லை.